தம்பி பெயரில் ஒரு சந்தா ரசீது

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். காரைக்குடிப் பக்கத்தில் ஒரு சபை. உங்கள் தம்பிக்கு 26 வயது, பள்ளிக்கூட நாளிலிருந்து அங்கே கீபோர்டு வாசிக்கிறான். தனக்கு ஆண்கள்மேல்தான் ஈர்ப்பு என்று வீட்டில் சொன்னான். எப்படியோ அது சபைக்கும் தெரிந்துவிட்டது. யாரும் அவனைத் திட்டவில்லை. ‘அவனை நேசிக்கிறோம், பாவத்தைத்தான் வெறுக்கிறோம்’ என்றார்கள். கூடவே, ‘கொஞ்ச நாளைக்குக் கீபோர்டுல வேற யாராவது உட்காரட்டும்’ என்றும் சொன்னார்கள். அவன் ஆலயத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டான். வேதத்தை மறுக்காமல் அவனை வரவேற்க முடியுமா, சபையிடம் நான் என்ன கேட்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசியில் ஒரு வரி: அம்மா ராத்திரியில் தூங்குவதில்லை.

இது பாவமா இல்லையா என்று நீங்கள் கேட்கவில்லை. அதற்குப் பதில் சொல்ல ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. எல்லாரும் அன்பு அன்பு என்கிறார்களே, அது ஏன் என் தம்பி கைக்கு வந்து சேரவில்லை என்பதுதான் உங்கள் கேள்வி. அதற்கு மட்டும் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் 34 வருஷம் ஆயராக இருந்து ஓய்வு பெற்றவன். அதில் பாதிக் காலம் சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களில் கழிந்தது. இறையியல் கல்லூரியில் புதிய ஏற்பாடு எடுத்துப் படித்தேன். கிரேக்கம் பரீட்சை எழுதும் அளவுக்குத் தெரியும், அதற்குமேல் பெருமை பேச முடியாது. பிறகு மனநல ஆற்றுப்படுத்துதலில் ஒரு வருஷப் பயிற்சி. மருத்துவர் இல்லை, வக்கீலும் இல்லை. நீங்கள் எந்தத் திருச்சபை என்று எழுதவில்லை. ஆகவே கத்தோலிக்கம், தென்னிந்தியத் திருச்சபை என்ற இரண்டு பக்கத்தையும் தொட்டே எழுதுகிறேன்.

செட்டிநாட்டு வீடுகளை நீங்கள் பார்த்தே வளர்ந்திருப்பீர்கள். முகப்பில் கணக்குப் பார்க்க வருகிறவர், கடன் கேட்டு வருகிறவர், வழிப்போக்கர் யாரும் உட்காரலாம். மோர் வரும், விசாரிப்பு வரும். அதைத் தாண்டி வளவுக்குள், அதாவது உள்முற்றத்துக்குள், போவது வேறு. வளவைச் சுற்றியிருக்கும் அறைகளில் கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. முகப்பில் இருப்பவரை யாரும் அவமதிக்கவில்லை, ஆனால் அவருக்கு அந்த வீட்டில் அறை கிடையாது. உங்கள் சபை தம்பிக்குச் செய்திருப்பது இதைத்தான். நேற்று வரை வளவுக்குள் இருந்தவனை முகப்புக்கு அனுப்பிவிட்டு, ‘நாங்கதான் வாசல் கதவைச் சாத்தலையே’ என்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவன் வராமல் இருப்பதும் கோபத்தால் இல்லை. தன் வீட்டிலேயே விருந்தாளியாக உட்கார யாருக்கு மனசு வரும்?

இன்னொன்றையும் நம்ம ஊர்ப் பழக்கத்திலிருந்தே சொல்கிறேன். செட்டிநாட்டு நகரத்தார் சமூகத்தின் கணக்கில் ‘புள்ளி’ என்று ஒன்று உண்டு. ஒருவருக்குக் கல்யாணம் ஆனதும் அவரவர் கோயிலில் ஒரு புள்ளியாகப் பதிவாகும். வரி புள்ளிக்கு இவ்வளவு என்று விழும். துணையை இழந்தவர் அரைப்புள்ளி. கல்யாணமே ஆகாதவருக்குத் தனிப்புள்ளி இல்லை. ஒரு சமூகம் தன் ஆட்களை எண்ணிக்கொள்ளும் முறை அது. குறை சொல்ல நான் வரவில்லை. நம்ம சபைக்காரர்களில் பெரும்பாலோர் அந்தக் கணக்கில் வராதவர்கள். ஆனாலும் அதே காற்றில் வளர்ந்தவர்கள். சபைப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள்: குடும்பத் தலைவர், மனைவி, பிள்ளைகள். சந்தா அட்டை குடும்பத்துக்கு ஒன்று. முப்பத்தைந்து வயதுப் பையன் அப்பா அட்டையில் ஒரு வரி. ஆக, தன்பாலீர்ப்பு உள்ள ஒருவரை நாம் தனியாகத் துரத்த வேண்டியதே இல்லை. கல்யாணம் ஆகாதவரை எண்ணத் தெரியாத ஒரு கணக்கு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. விவரம் வெளியே வரும் நாளில் அது தன் வேலையைக் காட்டிவிடும், அவ்வளவுதான்.

சரி, உறுதியாகச் சொல்லக்கூடியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இது நோய் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்று நோய்ப் பட்டியலிலிருந்தே இதை எடுத்துவிட்டது. இந்திய மனநல மருத்துவர் சங்கமும் 2018ல் இதைத் தெளிவாகச் சொன்னது. மாற்றிக் காட்டுகிறேன் என்று கிளம்பியவர்களின் கதையும் தெரிந்ததே. அமெரிக்காவில் 1976ல் ‘எக்ஸோடஸ்’ என்ற கிறிஸ்தவ அமைப்பு தொடங்கியது. ஜெபத்தாலும் ஆலோசனையாலும் ஈர்ப்பை மாற்றலாம் என்று உலகம் முழுக்கச் சொல்லிவந்தது. அதன் தலைவரே 2012ல், தான் சந்தித்தவர்களில் 99.9 சதவீதம் பேருக்கு ஈர்ப்பு மாறவில்லை என்றார். 2013ல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டுவிட்டு அமைப்பையே மூடினார்கள். 37 வருஷம் நடத்திப் பார்த்துவிட்டு அவர்களே சொன்னது இது, எதிராளி சொன்னது இல்லை. சபையில் யாராவது ‘விடுதலைக் கூட்டத்துக்குக் கூட்டிட்டுப் போங்க’ என்றால் இதை அவர்களிடம் சொல்லுங்கள்.

சட்டத்தையும் சுருக்கமாகச் சொல்கிறேன். 2018 செப்டம்பர் 6 முதல், வயது வந்த ஒரே பாலினத்தவர் இருவர் சம்மதத்தோடு சேர்வது குற்றம் இல்லை. 2023 அக்டோபர் 17 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் ஒருபால் திருமணத்தை அங்கீகரிக்க மறுத்தது. ஆகவே உங்கள் ஆயரிடம் யாரும் கல்யாணம் நடத்தித் தரச் சொல்லப் போவதில்லை. அந்தப் பயம் அவருக்கு இருந்தால் அதை முதலில் போக்கிவிடுங்கள். வரவேற்பு பற்றிய பேச்சு பாதி இடங்களில் இந்தப் பயத்தில்தான் நின்றுபோகிறது. நமக்கு ரொம்பப் பக்கத்தில் நடந்தது 2021 ஜூன் 7 சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு. மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் வீட்டுக்குப் பயந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட வழக்கு. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தனக்கே இதில் புரிதல் போதாது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்து தீர்ப்பு எழுதினார். ஈர்ப்பை மருத்துவத்தால் மாற்றும் முயற்சிகளுக்குத் தடை விதித்தார். அதன் தொடர்ச்சியாக, அப்படிச் செய்யும் மருத்துவர் தொழில் ஒழுக்கத்தை மீறியவர் ஆவார் என்று 2022ல் தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்தது. பேயோட்டும் ஜெபத்துக்கும் உபவாசக் கூட்டத்துக்கும் அந்த உத்தரவு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை வக்கீல்தான் சொல்ல வேண்டும். நீதிபதியே போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டாரே, ஆயர்களுக்கு அதில் என்ன குறைந்துவிடப் போகிறது என்று மட்டும் நான் கேட்பேன்.

இதை இவ்வளவு தைரியமாக எழுதும் நான் 1991ல் என்ன செய்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு வாலிபன் இரவு ஜெபம் முடிந்தபின் வந்து, உங்கள் தம்பி சொன்னதையே சொன்னான். எனக்கு அப்போது முப்பத்தொன்றோ முப்பத்திரண்டோ வயது. தலையில் கை வைத்து ஜெபித்தேன். ‘ஒரு கல்யாணத்தைப் பண்ணிக்கப்பா, எல்லாம் சரியாயிடும்’ என்றேன். பெண் பார்த்ததிலும் என் பங்கு உண்டு. நானே ஆசீர்வதித்தேன். நாலு வருஷம் கழித்து அந்தப் பெண் பிறந்த வீட்டுக்குப் போனாள். அவன் ஊரைவிட்டே போனான். அவனுக்கு நான் செய்ததைப் பற்றிப் பல வருஷம் வருந்தியிருக்கிறேன். அவளுக்குச் செய்ததைப் பற்றி யோசிக்க எனக்கு இன்னும் அதிக வருஷம் ஆனது. கணவன் முகம் கொடுக்காததற்குத் தன் நிறம் காரணமோ, சமையல் காரணமோ என்று அவள் என் மனைவியிடம் கேட்டாளாம். காரணம் தெரிந்த ஒரே ஆள் நான். வாயைத் திறக்கவில்லை.

போர்ச்சுகல்லிலிருந்து வந்த குருவானவர் அருளானந்தரை (ஜான் டி பிரிட்டோ) ஓரியூரில் தலை வெட்டினார்கள் என்பது நம்ம பக்கத்துக் குழந்தைக்கும் தெரியும். 1693 பிப்ரவரி 4. எதற்காக என்பதையும் யோசித்துப் பாருங்கள். மறவர் நாட்டு இளவரசர் தடியத்தேவர் அவரால் கிறிஸ்தவராகி ஞானஸ்நானம் வாங்கியபோது ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி ராமநாதபுரம் மன்னர் சேதுபதியின் உறவுப்பெண். அவள் போய் முறையிட்டாள். ஆக, கல்யாண ஒழுக்கம் என்பது இந்த மண்ணுக் கிறிஸ்தவர்களுக்கு லேசான காரியம் இல்லை, ரத்தம் சிந்திய காரியம். பழைய ஆட்கள் இதில் விறைப்பாக நிற்பதை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் அந்தச் சரித்திரத்தை எத்தனையோ பிரசங்கத்தில் சொன்ன நான், விலக்கப்பட்ட பெண்கள் அப்புறம் எப்படிப் பிழைத்தார்கள் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. நம் ஒழுக்கத்தின் செலவை யார் தலையில் கட்டுகிறோம் என்று பார்க்காத பழக்கம் அன்றைக்கும் இருந்திருக்கிறது. தம்பிக்குப் பெண் பார்க்கலாம் என்று சொந்தக்காரர் யாராவது கிளம்பினால், நீங்கள் குறுக்கே நிற்க வேண்டியது அவனுக்காக மட்டும் இல்லை.

இனி வேதம். இங்கேதான் உறுதி குறைகிறது, அதை மறைக்காமல் சொல்கிறேன். சபையில் உங்களிடம் பெரும்பாலும் காட்டியிருக்கக்கூடிய வசனம் 1 கொரிந்தியர் 6:9. நம் பழைய மொழிபெயர்ப்பில் ‘சுயபுணர்ச்சிக்காரரும், ஆண்புணர்ச்சிக்காரரும்’ என்று வரும். முதல் சொல்லுக்குக் கிரேக்கத்தில் இருப்பது ‘மலகோய்’. நேர்ப் பொருள், மென்மையானவர்கள். மத்தேயு 11:8ல் ‘மெல்லிய வஸ்திரம்’ என்று வருகிறதே, அதே சொல்தான். பழைய ஆங்கில பைபிளில் அதைப் பெண்தன்மையுள்ளவர் என்று போட்டார்கள், தமிழில் சுயபுணர்ச்சிக்காரர் ஆக்கினார்கள். ஒரே சொல் இரண்டு மொழிக்குப் போய் இரண்டு வெவ்வேறு ஆட்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருக்கிறது. இரண்டாவது சொல் ‘அர்செனோகோய்தாய்’. ‘ஆண்’, ‘படுக்கை’ என்ற இரண்டு சொற்களை ஒட்டியது. அந்த நிருபத்தை எழுதிய பவுலுக்கு முந்தைய நூல் எதிலும் கிடைக்கவில்லை. லேவியராகமம் 20:13ன் கிரேக்க வடிவத்திலிருந்து அவரே உண்டாக்கியிருக்கலாம் என்று பலர் சொல்கிறார்கள், எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. அப்படியானால் அது ஆண்கள் சேர்வதைத்தான் குறிக்கிறது. எந்த வகையான சேர்க்கை, அடிமைச் சிறுவர்களோடா, காசுக்கா, எல்லாமேயா என்பதில்தான் அறிஞர்கள் பிரிகிறார்கள். என் கிரேக்கத்தை வைத்துக்கொண்டு அந்த வழக்கை முடித்துவைக்க முடியாது. பவுலுக்கு இதில் ஆட்சேபணையே இல்லை என்று சொல்கிறவர்களோடு நான் இல்லை. ரோமர் முதலாம் அதிகாரத்தை அப்படிப் படிக்க என்னால் முடியவில்லை.

ஆனால் படிக்கிறவர்கள் நிறுத்துகிற இடம் எனக்குப் பிடிப்பதில்லை. ரோமர் முதலாம் அதிகாரம் முடிந்ததும் அடுத்த வசனம், ‘மற்றவர்களைக் குற்றவாளியாகத் தீர்க்கிறவனே, நீ யாரானாலும் சரி, போக்குச்சொல்ல உனக்கு இடமில்லை’ என்று திரும்புகிறது. கொரிந்தியரிலும் அந்தப் பட்டியல் 9ஆம் வசனத்தோடு முடியவில்லை. 10ல் ‘திருடரும், பொருளாசைக்காரரும், வெறியரும்’ என்று போகிறது. நம்ம ஊரில் மீட்டர் வட்டிக்கு விடுகிறவர் கமிட்டியில் இருக்கலாம், அறுப்பின் பண்டிகை ஏலத்தில் வாழைத்தாரை ஐயாயிரத்துக்கு எடுத்தால் கைதட்டலாம். அவரைச் சேர்த்துக்கொண்டதால் கந்துவட்டியை ஆதரித்தோம் என்று யாரும் சொல்வதில்லை. தம்பியைச் சேர்த்தால் மட்டும் ‘ஆமோதிச்ச மாதிரி ஆயிடும்’ என்ற பயம் வருகிறது. ஒரே வாக்கியத்தில் இருக்கும் ஆட்களுக்கு இரண்டு தராசு.

இந்தப் பாவத்துக்காகத்தான் தேவன் சோதோம் பட்டணத்தை அழித்தார் என்று காட்டுகிறவர்களுக்கு எசேக்கியேல் 16:49ஐக் காட்டலாம். அங்கே சோதோமின் அக்கிரமமாகச் சொல்லப்படுவது கர்வமும் சாப்பாட்டுச் செழிப்பும். ‘சிறுமையும் எளிமையுமானவனுடைய கையை அவள் பலப்படுத்தவில்லை’ என்கிறது. ஆனால் 50ஆம் வசனத்தில் அருவருப்பு என்ற சொல்லும் வருகிறது. அதை மறைத்துவிட்டு 49ஐ மட்டும் காட்டாதீர்கள், பைபிள் தெரிந்தவர் யாராவது உங்களைப் பிடித்துவிடுவார்.

எனக்கு மிகவும் பயன்பட்ட பகுதி வேறு. உபாகமம் 23:1 அண்ணகர்களை, அதாவது ஆண்மை நீக்கப்பட்டவர்களை, சபைக்குள்ளேயே விடாதே என்கிறது. ஏசாயா 56ல் அதே அண்ணகனிடம், நான் ‘பட்டமரமென்று சொல்லானாக’ என்று தேவன் சொல்கிறார். என் ஆலயத்திலும் என் மதில்களுக்குள்ளும், பிள்ளைகளுக்குரியதைவிட ‘உத்தம இடத்தையும் கீர்த்தியையும்’ கொடுப்பேன் என்கிறார். அப்போஸ்தலர் 8ல் எத்தியோப்பியன் ஒருவன் தேரில் வருகிறான். நம் தமிழில் ‘மந்திரி’ என்றுதான் இருக்கும், கிரேக்கத்தில் அவன் அண்ணகன். அந்தச் சொல்லைத் தமிழில் விழுங்கிவிட்டதால், ‘இதோ, தண்ணீர் இருக்கிறதே, நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன’ என்று அவன் கேட்பதன் கனம் நமக்குத் தெரிவதில்லை. தடை எழுத்திலேயே இருந்தது. அவனோடு தேரில் இருந்த சுவிசேஷகன் பிலிப்பு அதை எடுத்துக் காட்டவில்லை, தேரைவிட்டு இறங்கினான். இங்கே ஒரு எச்சரிக்கை: அண்ணகனும் தன்பாலீர்ப்புள்ளவனும் ஒன்றல்ல. இதை வைத்து ஒருபால் உறவு சரி என்று நிரூபிக்க முடியாது. பிள்ளையில்லாத, கல்யாணக் கணக்கில் வராத ஒருவனுக்கு மதிலுக்குள்ளேயே இடம் உண்டா என்ற கேள்விக்கு மட்டும் இது நேரான பதில்.

திருச்சபைகள் எழுதிவைத்திருப்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் 2357ஆம் பத்தி ஒருபால் உறவைக் கண்டிப்பாக மறுக்கிறது. அடுத்த பத்தியே, இவர்களை மரியாதையோடும் பரிவோடும் ஏற்க வேண்டும், அநியாயமாகப் பாகுபடுத்தும் எந்த அடையாளமும் கூடாது என்கிறது. 2023 ஜனவரியில் போப் பிரான்சிஸ் இது குற்றமில்லை என்றார். அந்த டிசம்பரில், திருமணம் போலத் தோன்றாதபடி எளிய ஆசீர்வாதம் தரலாம் என்ற ஆவணமும் வந்தது. ஆப்பிரிக்க ஆயர்கள் பலர் அதை ஏற்கவில்லை. தென்னிந்தியத் திருச்சபை ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் இருப்பதால், அந்த ஐக்கியத்தின் பேராயர்கள் கூடிய 1998 லாம்பெத் மாநாட்டுத் தீர்மானம் அவர்களுக்கு அந்நியம் இல்லை. அதுவும் ஒருபால் உறவு வேதத்துக்குப் பொருந்தாது என்று சொல்லிவிட்டு, இவர்களின் அனுபவத்தைக் காதுகொடுத்துக் கேட்போம், ஞானஸ்நானம் பெற்ற இவர்கள் கிறிஸ்துவின் சரீரத்தில் முழு உறுப்பினர்கள் என்றும் சொல்கிறது. அதாவது, ரொம்பக் கண்டிப்பான பக்கத்தின் ஏட்டிலேயே உங்கள் தம்பிக்கு இடம் இருக்கிறது. நீங்கள் புதிதாக எதையும் கேட்கப் போவதில்லை. முதல் பாதியை மட்டும் வாசிக்கிறவர்களிடம் இரண்டாம் பாதியையும் வாசிக்கச் சொல்கிறீர்கள். ‘பாவியை நேசி, பாவத்தை வெறு’ என்பது, சொல்லப்போனால், பைபிளிலேயே இல்லை. காந்தி தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பழைய திருச்சபைத் தந்தை அகுஸ்தீனாரின் கடிதம் ஒன்றில் அதற்கு நெருங்கிய ஒரு வரி உண்டு. நல்ல வாசகம்தான். நடைமுறையில் இரண்டாம் பாதி சீக்கிரம் நிறைவேறிவிடுகிறது, முதல் பாதிக்கு நேரம் கிடைப்பதில்லை.

வரவேற்பு நடைமுறையில் எப்படி இருக்கும் என்று நீங்கள் கேட்டால் எனக்கு ஒரு பொருளாளர்தான் ஞாபகம் வருகிறார். அறுபது குடும்பம் உள்ள சின்னச் சபை. அவர் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கறார் பேர்வழி, என்னோடு மெழுகுவர்த்திச் செலவுக்குக்கூடச் சண்டை போடுவார். மொபைல் கடை வைத்திருந்த ஒரு பையனைப் பற்றி ஊரில் பேச்சு கிளம்பியது. பையன் வருவதை நிறுத்திவிட்டான். எனக்கு 1991 ஞாபகம் வந்து, போய்ப் பார்க்கவும் பயம், பார்க்காமல் இருக்கவும் பயம். என்ன பேசுவது என்று நான் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த வாரத்தில், பொருளாளர் டிவிஎஸ் ஃபிப்டியில் ரசீதுப் புத்தகத்தோடு அந்தக் கடைக்குப் போயிருக்கிறார். ‘நாலு மாசம் பாக்கி தம்பி. உங்க அப்பா கார்டுல இனிமே போட மாட்டேன். முப்பது வயசாகுது, உனக்குத் தனிக் கார்டு எழுதிட்டேன்’ என்று நம்பர் போட்ட அட்டையை மேஜையில் வைத்திருக்கிறார்.

அடுத்த கமிட்டியில் ஒருவர் எழுந்து, ‘கல்யாணம் ஆகாதவனுக்கு ஏது தனிக் கார்டு?’ என்றார். பொருளாளர் சட்டப் புத்தகத்தை எடுத்து, ‘குடும்பத்துக்கு ஒரு கார்டுன்னுதான் போட்டிருக்கு, குடும்பம்னா குறைஞ்சது எத்தனை பேருன்னு போடலையே’ என்றார். யாருக்கும் பதில் வரவில்லை. அந்தச் சபையில் தனி அட்டை என்றால் சபைக் கூட்டத்தில் ஓட்டு, கல்லறைத் தோட்டத்தில் இடம். பையன் மறுவாரம் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தான். பாக்கியையும் கட்டினான். நான் தனியாகப் பொருளாளரைக் கேட்டேன், அவனைப் பற்றிப் பேசிக்கொள்வது உங்களுக்குத் தெரியுமா என்று. ‘தெரியும் ஐயா. அது தப்புதான், என்னைக் கேட்டா தப்புன்னுதான் சொல்வேன். அதுக்கும் சந்தாவுக்கும் என்ன சம்பந்தம்?’ என்றார். வேதத்தை மறுக்காமல் வரவேற்க முடியுமா என்று கேட்டீர்களே, நான் கண்ட ஆள் அவர்தான். அவருடைய கருத்தை நான் மாற்ற முயலவில்லை, அவரும் மாறவில்லை. அந்தப் பையன் பிறகு வேறு ஊருக்குப் போய்விட்டான். அட்டை இன்னும் ஓடுகிறது, அறுப்பின் பண்டிகைக்குப் பணம் வருகிறது. அவன் சந்தோஷமாக இருக்கிறானா என்று கேட்கும் அளவு நெருக்கம் எங்களுக்குள் வரவில்லை. அது என் குறை.

இதிலிருந்து உங்கள் வேலையை நான் இப்படிப் பார்க்கிறேன். முதலில் தம்பியிடம் கேளுங்கள், அவனுக்குத் திரும்பி வர விருப்பமா என்று. உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்டது இருக்கிறது, அம்மாவின் தூக்கம் இருக்கிறது, அவன் என்ன சொன்னான் என்பது இல்லை. வேண்டாம் என்றால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். வேண்டும் என்றால், ஆயரிடம் தனியாகப் போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எந்தச் செய்கைக்காக அவனைக் கீபோர்டிலிருந்து எடுத்தீர்கள்? அவன் சொன்னது ஈர்ப்பைப் பற்றி. நடந்ததாக யாரும் எதையும் சொல்லவில்லை. ஈர்ப்பே பாவம் என்று கத்தோலிக்கப் போதனையும் சொல்லவில்லை, லாம்பெத்தும் சொல்லவில்லை. குற்றம் இல்லாமல் தண்டனை போட்டிருக்கிறார்கள். இதைச் சண்டையாகக் கேட்காதீர்கள், விளங்கிக்கொள்ளக் கேட்பதுபோல் கேளுங்கள். நல்ல மனசுள்ள ஆயராக இருந்தால் அன்று இரவு அவருக்கும் தூக்கம் வராது.

அடுத்தது ஜெபக்குறிப்பு. நம் சபைகளில் ரகசியம் ஊருக்குப் பரவுவது பகையால் இல்லை, ஜெபக்குறிப்பால்தான். ‘பேர் சொல்லல, ஒரு தம்பிக்காக ஜெபிச்சுக்குங்க, அவங்க அக்கா டீச்சர்’ என்று ஆரம்பிப்பார்கள். கேட்பவர் கண்ணை மூடுவதற்குள் கணக்குப் போட்டுவிடுவார். பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கும் வாலிபர் கூட்டத்துக்கும் ஆயரே இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லட்டும். அதேபோல், திரும்பி வந்தவனை மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைக்கிற ஆசை சிலருக்கு வரும். அதைத் தடுத்துவிடுங்கள். அவன் திரும்பி வருவது நிகழ்ச்சியாகக் கூடாது. முன்பு பக்கத்தில் உட்கார்ந்த இரண்டு பேர் இந்த வாரமும் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், ஆராதனை முடிந்து ‘நாலாம் பாட்டுல ஸ்கேலை ஏன் ஏத்தினே, எங்களால பாட முடியல’ என்று யாராவது குறை சொன்னால் இன்னும் நல்லது.

ஒன்றை மட்டும் அவசரமாகச் சொல்ல வேண்டும். 2009ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வளரும் வயதில் குடும்பம் கடுமையாக ஒதுக்கிய தன்பாலீர்ப்பு இளைஞர்களில் தற்கொலை முயற்சி, அவ்வளவாக ஒதுக்கப்படாதவர்களைவிட 8.4 மடங்கு இருந்தது. 224 பேரிடம் எடுத்த ஆய்வு, அதுவும் வெள்ளையர், லத்தீன் அமெரிக்க வம்சத்தவர். அந்த எண்ணை அப்படியே தூக்கி நம் வீட்டில் வைக்க முடியாது. ஆனால் போக்கு நான் கண்டதோடு ஒத்துப்போகிறது. தம்பி சாப்பாட்டைக் குறைத்தால், தன் பொருள்களை யாருக்காவது கொடுக்க ஆரம்பித்தால், ‘நான் இல்லேன்னா உங்களுக்கு நிம்மதி’ என்கிற மாதிரிப் பேசினால், சபை விஷயத்தை ஓரமாக வைத்துவிட்டு அன்றே மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

அம்மாவைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். இந்த மாதிரித் தாய்மார்கள் ஆறேழு பேரோடு பேசியிருக்கிறேன். முதலில் கேட்பது ‘என் வளர்ப்புல என்ன தப்பு?’ தப்பு எதுவும் இல்லை என்று சொல்லுங்கள், திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். அடுத்தது, கொஞ்சம் நாள் கழித்துத்தான் வரும்: ‘எங்களுக்கப்புறம் அவனுக்கு யாரு?’ தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான், அதற்கு வசனம் சொல்லி ஆறுதல் தர முடியாது. வீட்டில் ஓர் அறை அவன் பெயரில் இருக்கும் என்று நீங்கள் சொல்லலாம், அப்பாவும் சம்மதித்தால் எழுதியும் வைக்கலாம். அதை அம்மா காதில் விழும்படி, தம்பியும் கூட இருக்கும்போது சொல்லுங்கள்.